ஆர்ப்பும் கூடமும்: ஒரு சிவப்புப் பெட்டியின் வரலாறு

யாழ் நரம்புக்கு நான்கு பகைகள் உண்டென்கிறது சிலப்பதிகாரம். செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என்பன அவை. உரை வழியே இவற்றுக்குப் பொருள் கொண்டால், பண்ணோடு பொருந்தாது இனிமையின்றி ஒலிப்பது செம்பகை. அளவு கடந்து ஒலிப்பது ஆர்ப்பு. வெளிப்பட வேண்டிய ஓசை வெளிப்படாமல் மழுங்கிக் கிடப்பது கூடம். இழுமென்று ஒழுகாமல் சிதறி விழுவது அதிர்வு. தமிழ் முதுகலை வகுப்பில் இப்பகுதியை நடத்துகிறவர்களும் படிக்கிறவர்களும் பெரும்பாலும் இதனை மனப்பாடத்துக்குரிய பட்டியலாகவே கடந்து போகிறோம். நான்கு பெயர்களையும் எழுதினால் இரண்டு மதிப்பெண் கிடைக்கும், அதோடு சரி.

ஆனால் பட்டியலைச் சற்று நின்று பார்த்தால் ஒன்று தெரியும். ஆர்ப்பும் கூடமும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். இரண்டும் சுருதிக் குற்றங்கள் அல்ல, அளவுக் குற்றங்கள். ஒன்றில் ஓசை மிகுகிறது, மற்றொன்றில் குறைகிறது. இவ்விரண்டையும் ஒருசேரத் தீர்க்கும் மருந்தை இருபதாம் நூற்றாண்டின் மின்னணுவியல் கண்டுபிடித்தது. 1970களில் அமெரிக்கர்கள் அதை உள்ளங்கை அளவுள்ள ஓர் உலோகப் பெட்டியில் அடைத்து, மின் கிட்டார் வாசிப்பவரின் காலடியில் வைத்தார்கள். கம்ப்ரஸர் பெடல் என்று அதற்குப் பெயர். அதன் வரலாற்றையே இங்குப் பேசப் போகிறோம்.

நாம் வசிக்கும் பழங்காநத்தத்தில் கம்ப்ரஸர் என்று சொன்னால் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவரோ, பஞ்சர் கடைக்காரரோதான் திரும்பிப் பார்ப்பார். அதில் தவறொன்றும் இல்லை. அது காற்றை அமுக்குகிறது, இது ஒலியை அமுக்குகிறது, சொல் ஒன்றே. அமுக்குவதால் என்ன நன்மை என்பதை அறிய அமெரிக்கா வரை போக வேண்டியதுமில்லை. பழங்காநத்தம் ரவுண்டானாவை ஒட்டி நடக்கும் பொதுக்கூட்டங்களில் மேடைக்குப் பக்கவாட்டில், ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மைக் செட்காரரைக் கவனித்தால் போதும். பேச்சாளர் தொடக்கத்தில் அடக்கமாக, அவர்களே இவர்களே என்று வரிசையாக விளித்துக்கொண்டிருப்பார். மைக் செட்காரரின் விரல் குமிழைச் சற்று ஏற்றிவைத்திருக்கும். திடீரென்று பேச்சாளர் எதிர்க்கட்சியை நோக்கிச் சீறும் கணத்தில் அந்த விரல் குமிழை இறக்கும். தேர்ந்த ஆளாக இருந்தால், பேச்சாளர் மூச்சை இழுப்பதைப் பார்த்தே இறக்கிவிடுவார். கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்பவருக்கு மென்சொல்லும் கேட்கிறது, வன்சொல்லும் காதைக் கிழிக்காமல் கேட்கிறது. கூடம் நீங்குகிறது; ஆர்ப்பும் நீங்குகிறது. இந்த விரலைத்தான் மின்சுற்றாக மாற்றினார்கள்.

மாற்றியவர்கள் இசைக்காரர்கள் அல்லர், ஒலிபரப்பாளர்கள். வானொலியின் மத்திய அலை ஒலிபரப்பில் ஒலியின் வலிமைக்கேற்ப அலையின் வீச்சு மாறும். ஓர் எல்லையைத் தாண்டி ஒலி எகிறினால் அலை உடைந்து, கேட்பவரின் பெட்டியில் கரகரப்பாக வந்து விழும். பக்கத்து அலைவரிசையையும் கெடுக்கும். எல்லைக்கு மிகவும் கீழே ஒலித்தாலோ தொலைவில் உள்ளவர்களுக்குக் கேட்காது. எனவே ஒலியின் ஏற்றத்தாழ்வை ஒரு குறுகிய பாதைக்குள் ஓட்டிச் செல்ல வேண்டிய கட்டாயம் இருந்தது. 1937இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் 110ஏ என்ற கருவியை வானொலி நிலையங்களுக்காக வெளியிட்டது. எகிறும் ஒலியைத் தானே இறக்கும் வேலையை அது செய்தது. சென்னையில் அகில இந்திய வானொலி 1938இலும் திருச்சியில் 1939இலும் தொடங்கின. மத்திய அலை எங்கும் அதே மத்திய அலைதான். அதன் இயல்பான நெருக்கடிகளும் அவைதான். தமிழ்க் காது, இசைத்தட்டையும் கோயில் நாயனத்தையும் அடுத்து மிகுதியாகக் கேட்டுப் பழகிய ஓசை, மேடு செதுக்கிப் பள்ளம் நிரப்பிய ஓசையே. இதை நாம் நினைப்பதே இல்லை.

திரைப்படத்திலும் இதே கதை. படச்சுருளின் ஓரத்தில் ஒளிக்கோடாகப் பதிந்த ஒலித்தடத்துக்குக் கொள்ளளவு சிறிது. மெல்லிய ஒலி சுருளின் இரைச்சலில் மூழ்கும், பெரிய ஒலி கோட்டின் அகலத்தைத் தாண்டும். கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில், பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் பாடி வாசித்துப் பதிவு செய்த காலத்தில், கன்சோலின் முன் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளரின் விரல்கள் செய்ததும் நம் மைக் செட்காரரின் விரல் செய்த அதே வேலைதான். வித்தியாசம், அங்கே குமிழ்கள் மிகப் பல.

மேலைநாட்டு ஒலிப்பதிவுக் கூடங்களில் 1950களின் இறுதியிலிருந்து இந்த வேலைக்கென்றே பெரும் கருவிகள் வந்தன. எஸ்தோனியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ரெய்ன் நார்மா வடிவமைத்த ஃபேர்சைல்ட் 670 இருபது வால்வுகளோடு ஏறத்தாழ 29 கிலோ எடை கொண்டது. ஒரு சிறுவனைத் தூக்குவதுபோல் தூக்க வேண்டும். ஜிம் லாரன்ஸ் என்பவர் செய்த எல்ஏ-2ஏ இன்னும் விநோதமானது. உள்ளே வரும் ஒலி ஒரு சிறு பலகையை ஒளிரச் செய்யும். அந்த வெளிச்சம் ஒளியுணரும் மின்தடை ஒன்றின் மீது விழும். ஒலி பெரிதானால் வெளிச்சம் மிகும், வெளிச்சம் மிகுந்தால் ஒலி இறங்கும். ஒலி தன் நிழலைக் கண்டு தானே அடங்குகிறது என்று சொல்லத் தோன்றுகிறது. 1967இல் பில் புட்னம் டிரான்சிஸ்டர் கொண்டு செய்த 1176 இவற்றைவிட விரைவாக வேலை செய்தது. இவையெல்லாம் கூடங்களில் இரும்புச் சட்டத்தில் திருகி வைக்கப்பட்டவை. தனியொரு கிட்டார்க்காரர் வாங்கக்கூடியவை அல்ல.

இந்த இடத்தில் கிட்டார்க்காரருக்கு இது எதற்கு என்று கேட்க வேண்டும். மைக் செட்காரருக்கும் வானொலிக்காரருக்கும் எல்லை மீறாதிருக்க வேண்டியிருந்தது. கிட்டார்க்காரரின் கவலை அதுவன்று. அவர் வேண்டியது கார்வை.

மீட்டும் நரம்புக் கருவிகளுக்கெல்லாம் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. வில் போடும் வயலினிலும் ஊதும் குழலிலும் ஓசையைக் கலைஞன் விரும்பும்வரை நிறுத்தி வைக்கலாம். மீட்டும் கருவியிலோ, விரல் நரம்பை விட்ட கணமே ஓசை சாகத் தொடங்குகிறது. கம்ப்ரஸர் இதற்கு என்ன செய்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். நரம்பை மீட்டியதும் எழும் முதல் ஓசையே மிகப் பெரியது. பெட்டி அதை அமுக்குகிறது. ஓசை தேயத் தேய அமுக்கத்தைத் தளர்த்துகிறது. அதாவது, இறங்கும் ஓசைக்கு நேர் எதிராகத் தன் பெருக்கத்தை ஏற்றிக்கொண்டு போகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் கேட்பவருக்கு ஓசை தேயாமல் அதே அளவில் நிற்பதுபோல் தோன்றுகிறது. ஒட்டுமொத்தமாகக் குறைந்துபோன அளவைக் கடைசியில் பெருக்கிக் கொடுத்துவிட்டால், குறுகிய ஓசை நெடிய ஓசையாகிவிடும். குறில் நெடிலாகிறது என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். ஆயினும் நடப்பது ஏறத்தாழ அதுதான்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டர் நகரில் கீத் பார், டெர்ரி ஷெர்வுட் என்ற இரு இளைஞர்கள் ஒலிக் கருவிகளைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தனர். பழுதுக்கு வந்த பெட்டிகளைத் திறந்து திறந்து பார்த்ததில், இதைவிட நன்றாக நாமே செய்யலாமே என்று தோன்றியிருக்க வேண்டும். எல்லாப் பழுதுபார்ப்பவர்களுக்கும் தோன்றுவதுதான், இவர்கள் செய்தார்கள். 1970களின் முற்பகுதியில் எம்எக்ஸ்ஆர் என்ற பெயரில் சிறு சிறு வண்ணப் பெட்டிகள் வரத் தொடங்கின. ஆரஞ்சு நிறத்தில் ஃபேஸ் 90, மஞ்சளில் டிஸ்டார்ஷன் பிளஸ், நீலத்தில் புளூ பாக்ஸ். சிவப்பில் வந்தது டைனா காம்ப். நம் நாயகன் இதுவே.

டைனா காம்ப் பெட்டியில் இரண்டே குமிழ்கள். ஒன்று வெளியீட்டின் அளவு. மற்றொன்று உணர்வின் கூர்மை. கூடங்களில் இருந்த பெருங்கருவிகளில் எந்த அளவைத் தாண்டினால் அமுக்க வேண்டும், எந்த விகிதத்தில் அமுக்க வேண்டும், எவ்வளவு விரைவில் பிடிக்க வேண்டும், எவ்வளவு மெதுவாக விட வேண்டும் என்று பல தீர்மானங்களைப் பொறியாளர் செய்வார். சிவப்புப் பெட்டி அவற்றையெல்லாம் தானே முடிவு செய்து பூட்டிவிட்டது. வாசிப்பவர் செய்ய வேண்டியது மிதிப்பது மட்டும். ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்றில் ஓடும். தொடக்ககாலப் பெட்டிகளில் அது விழித்திருக்கிறதா உறங்குகிறதா என்று காட்டும் சிறு விளக்குக்கூடக் கிடையாது. காதால்தான் அறிய வேண்டும்.

உள்ளே இருந்த இதயம் ஆர்சிஏ நிறுவனத்தின் சிஏ3080 என்ற சில்லு. அது தனித்தன்மை வாய்ந்த ஒரு பெருக்கி. எவ்வளவு பெருக்க வேண்டும் என்பதை அதன் ஒரு காலில் செலுத்தும் சிறு மின்னோட்டம் தீர்மானிக்கும். மின்னோட்டத்தைக் குறைத்தால் பெருக்கம் குறையும், கூட்டினால் கூடும். கிட்டாரின் ஓசையையே அளந்து, அந்த அளவுக்கு எதிர்விகிதமாக இந்த மின்னோட்டத்தை ஆட்டிவைத்தால் மைக் செட்காரரின் விரல் ஒரு கடுகளவு சிலிக்கானுக்குள் வந்துவிடுகிறது. இருபது வால்வுகளும் 29 கிலோவும் செய்த வேலையின் தாராளமான, கொஞ்சம் முரட்டுத்தனமான நகல் அது.

முரடு என்று சொல்லக் காரணம் உண்டு. டைனா காம்ப் ஓசையின் உயர் பகுதிகளைச் சற்று மங்கச் செய்தது. விரல் நரம்பில் பட்டதும் எழும் ‘டக்’ என்னும் முதல் தாக்கை ஒரு நொடியின் சிறு பகுதி தப்பவிட்டுப் பிறகு சட்டென்று கவ்வியது. அதனால் மீட்டலின் தொடக்கத்தில் ஒரு கிள்ளல் கேட்கும். கலைஞன் வாசிப்பதை நிறுத்தினால், பெட்டிக்கு அது தெரியாது. ஓசை தேய்ந்துவிட்டது என்று நினைத்து, தன் பிடியை முழுதும் தளர்த்தி, மின்கம்பி இரைச்சலையெல்லாம் பெருக்கிக் கொண்டுவந்து கொட்டும். அமைதிக்கும் மெல்லோசைக்கும் வேறுபாடு அறியாத கருவி அது. நாஷ்வில் நகரத்துக் கிராமிய இசைக் கிட்டார்க்காரர்கள் அந்தக் கிள்ளலையே தம் பாணியாக்கிக்கொண்டனர். லிட்டில் ஃபீட் குழுவின் லோவெல் ஜார்ஜ், நரம்பின் மீது உலோகக் குழலை வழுக்கி வாசித்தவர். டைனா காம்ப் போன்ற அமுக்கத்தைத் தம் நெடிய இழுப்புகளுக்குத் துணையாக்கினார். 1979இல் அவர் இறந்தபோது அந்தப் பாணிக்குப் பலர் வாரிசாகியிருந்தனர்.

வேறு பெட்டிகளையும் விரைந்து பார்த்துவிடலாம். டான் ஆர்ம்ஸ்ட்ராங் பெயரில் வந்த ஆரஞ்சு ஸ்க்வீசர் குமிழே இல்லாதது. கிட்டாரின் துளையிலேயே நேராகச் செருகிவிடலாம். சிலிக்கான் சில்லுக்குப் பதில் புலவிளைவு டிரான்சிஸ்டரைப் பயன்படுத்தியதால் அதன் பிடி மிருதுவானது. கஸ்டம் நிறுவனத்தைத் தொடங்கிய பட் ராஸ் பின்னாளில் வெளியிட்ட சாம்பல் நிற ராஸ் கம்ப்ரஸர், சுற்றளவில் டைனா காம்ப்பின் உடன்பிறப்பே. சில உறுப்புகள்தாம் வேறு. ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தின் கிளையான பாஸ் 1978இல் சிஎஸ்-1, 1981இல் சிஎஸ்-2, 1986இல் சிஎஸ்-3 என்று நீலப் பெட்டிகளை வெளியிட்டது. கம்ப்ரஷன் என்ற சொல்லோடு சஸ்டெய்னர் என்ற சொல்லையும் சேர்த்துப் பெட்டியின் மீதே அச்சிட்டார்கள் ஜப்பானியர்கள். வாங்குகிறவன் வேண்டுவது அமுக்கத்தை அல்ல, கார்வையை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1984இல் எம்எக்ஸ்ஆர் மூடப்பட்டது. கீத் பார் அதே ஆண்டில் அலெசிஸ் என்ற புதிய நிறுவனத்தைத் தொடங்கினார். 3630 என்ற விலை மலிந்த கம்ப்ரஸரை வீட்டுக்கூடங்கள் தோறும் கொண்டுசேர்த்தது அந்த நிறுவனமே. 2010இல் அவர் மறைந்தார். எம்எக்ஸ்ஆர் பெயரை 1987இல் டன்லப் நிறுவனம் வாங்கி, டைனா காம்ப்பை மீண்டும் தயாரிக்கத் தொடங்கியது. இன்றும் அது கடைகளில் கிடைக்கிறது.

புதியது கடையில் கிடைக்கும்போது பழையதைத் தேடி அலைபவர்கள் ஏன் என்று கேட்கலாம். அலைகிறார்கள். தொடக்ககால டைனா காம்ப்பில் பெயர் சாய்ந்த கையெழுத்துப் போன்ற எழுத்துகளில் இருக்கும். பின்னர் வந்தவற்றில் கட்டமான எழுத்துகள். கையெழுத்துப் பெட்டிக்கு விலை அதிகம். ஃபிஷ் குழுவின் ட்ரே அனஸ்டாசியோ காலடியில் ராஸ் கம்ப்ரஸர் இருந்ததால் அதன் மதிப்பு எங்கோ போய்விட்டது. சேகரிப்பவர்கள் பெட்டியைத் திறந்து, குமிழின் அடிப்பகுதியில் பொறித்த எண்ணைப் படித்து, அது எந்த ஆண்டு, எந்த வாரம் செய்யப்பட்டது என்று கணிக்கிறார்கள். சில்லு உலோகக் குப்பியில் உள்ளதா, கருப்புப் பிளாஸ்டிக்கில் உள்ளதா என்று வாதிடுகிறார்கள். சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையின் இசைப்போட்டிக்கு வந்த சீவகன், தன் முன் வைக்கப்படும் யாழ்களை ஒவ்வொன்றாக ஒதுக்குவான். இந்த மரம் நீரில் நின்று கெட்டது, இது வெந்தது, இது இடி விழுந்தது என்று. மரத்தின் பிறப்பை ஓசையில் கேட்பவன் அவன். நம் காலத்துச் சீவகர்கள் கரி மின்தடையின் பிறப்பைக் கேட்பதாகச் சொல்கிறார்கள்.

இதை முழுதும் கேலி செய்துவிட நமக்கு மனமில்லை. அக்காலத்து உறுப்புகள் குறித்த மதிப்பிலிருந்து நூற்றுக்கு ஐந்தோ பத்தோ விலகியிருப்பது சாதாரணம். ஒரே மேசையில் ஒரே வாரத்தில் கோத்த இரண்டு பெட்டிகள் ஒன்றுபோல் ஒலித்திருக்க மாட்டா. ஆகவே நல்லதொரு பழைய பெட்டி என்பது தற்செயலின் கொடை. ஆனால் அந்தக் கொடையை ஆண்டுக்கும் எழுத்துருவுக்கும் உரியதாக்கி விலை சொல்வது வணிகம். சிஏ3080 சில்லின் உற்பத்தி 2000களின் நடுவில் நின்றுபோனதும் இந்த வணிகத்துக்கு எண்ணெய் வார்த்தது. அதே வேலையைச் செய்யும் எல்எம்13700 என்ற இரட்டைச் சில்லு தொடர்ந்து கிடைத்துவருகிறது என்பதை விற்பவர் சொல்வதில்லை.

எம்எக்ஸ்ஆர் காலத்தில் நம் பக்கத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? டைனா காம்ப் வெளிவந்த சில ஆண்டுகளில், 1976இல், ‘அன்னக்கிளி’ வந்தது. அன்றைய மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த, 1996இல் பிரிந்த தேனி மாவட்டத்தில் இன்று உள்ள பண்ணைப்புரத்திலிருந்து சென்ற இளையராஜா, இசையமைப்பாளராகும் முன் சலீல் சௌத்ரி போன்றவர்களுக்குக் கிட்டார் வாசித்தவர். அடுத்த பத்தாண்டுகளில் தமிழ்த் திரைப்பாடலில் கிட்டார் ஓரத்துக் கருவி என்ற நிலையிலிருந்து நடுவுக்கு வந்தது. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் மெல்லிசைக் குழுக்கள் பெருகின. திருமண வரவேற்பு, கோயில் கொடை, மாதா திருவிழா என்று எங்கும் மேடை. மேடையில் ஒரு கிட்டார் நிற்கும்.

அந்தக் கிட்டார்க்காரர்களின் காலடியில் சிவப்புப் பெட்டி இல்லை. 1991க்கு முந்தைய இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்கவரியும் அப்படி. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் பெட்டியில் வந்தால் உண்டு. சென்னை பர்மா பஜாரில் கண்ணில் பட்டால் உண்டு. கல்கத்தாவில் செய்த கிட்டாரை மைக் செட்காரரின் அகுஜா ஆம்ப்ளிபயரில் நேராகச் செருகி வாசித்தவர்களே மிகுதி. எக்கோ மட்டும் தாராளமாகக் கிடைத்தது. பாடகருக்கும் அறிவிப்பாளருக்கும், சில நேரம் மொய் எழுதியவர் பெயரை வாசிப்பவருக்கும்கூட.

ஆயினும் நாம் சொல்ல விரும்புவது, பெட்டி இல்லையே தவிர அமுக்கம் இருந்தது என்பதே. குரலுக்காகச் செய்த ஆம்ப்ளிபயருக்குள் அதன் சக்திக்கு மிஞ்சிய ஓசையைச் செலுத்தினால் அது முகடுகளைத் தட்டையாக்கிவிடும். கூம்பு ஒலிபெருக்கியோ கீழோசையையும் மேலோசையையும் கழித்துவிட்டு நடுவை மட்டும் தெருவுக்கு அனுப்பும். தட்டையான முகடும் நடுவோசையும் சேர்ந்தால் நெடிய, அழுத்தமான, சற்று மூக்கால் பாடுகிற ஒரு கார்வை பிறக்கும். அந்த ஓசையோடு வளர்ந்தவர்களுக்குப் பின்னாளில் குறுந்தகட்டில் அதே பாடலின் தூய ஒலி ஏதோ குறைவுபட்டதாகத் தோன்றியிருக்கும். மூலப் பாடலின் குறையன்று அது. தெரு சேர்த்துக் கொடுத்ததைக் குறுந்தகடு சேர்க்கவில்லை, அவ்வளவே.

மரபிசையில் இதே கேள்வி வேறு விதமாக எழுந்தது. கார்வை குறித்த நம் கவலை மின்சாரத்துக்கு மிக முந்தியது. தம்புராவின் குதிரைக்கும் தந்திக்கும் இடையே ஒரு நூலிழையை வைத்து நகர்த்துவார்கள். ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஓசை மலர்ந்து நீளும். அதற்கு ஜீவா என்று பெயரிட்டவர் யாரோ, அவர் சாகும் ஓசைக்கு உயிர் கொடுப்பதைத்தான் நினைத்திருக்கிறார். வீணையில் வீணை எஸ். பாலசந்தர் ஒரே மீட்டில் தந்தியை இழுத்து இழுத்துப் பல சுரங்களைப் பிழிந்தெடுத்தார். ஓசை சாவதற்குள் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவையும் சொல்லிவிடும் பதற்றம் அதில் உண்டு. அந்தப் பதற்றமே அழகு. வீணைக்குள் தொடு ஒலிவாங்கியைப் பொருத்தலாமா என்ற சர்ச்சை மூண்டபோது, நாதம் கெடுகிறது என்றவர்களும் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டாமா என்றவர்களும் மோதிக்கொண்டார்கள். இருவரும் சொன்னது உண்மை. ஒரு தரப்பு செம்பகைக்கு அஞ்சியது, மறுதரப்பு கூடத்துக்கு அஞ்சியது.

1980களின் தொடக்கத்தில் சென்னையில் சுகுமார் பிரசாத் மின் கிட்டாரில் கர்நாடக இசை வாசித்தார். அதே காலத்தில் ஆந்திரத்தின் பாலகொல்லிலிருந்து வந்த சிறுவன் யு. ஸ்ரீநிவாஸ் மாண்டலினை எடுத்துக்கொண்டு மேடையேறினான். மாண்டலினின் மரபான வடிவில் இரட்டைத் தந்திகள் நான்கு இணையாக இருக்கும். குறுகிய ஓசை, அதனால்தான் இத்தாலியர்கள் படபடவென்று விரைந்து மீட்டி ஓசையை நீட்டுவார்கள். கமகத்துக்கு அந்தப் படபடப்பு உதவாது. ஸ்ரீநிவாஸ் இரட்டைகளை நீக்கி ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினுக்கு மாறினார். ஒற்றைத் தந்தியை இழுக்கலாம். இழுத்த பின்னும் ஒலி நிற்க மின்பெருக்கம் உதவும். 2014இல், நாற்பத்தைந்து வயதில், அவர் மறைந்தார். அவர் பதிவுகளைக் கேட்கிறவர்கள் வேகத்தை வியக்கிறார்கள். நாம் கேட்கச் சொல்வது விளம்பகாலத்து ஆலாபனைகளை. ஒரு சுரத்தில் நின்று, அது தேயத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பாக அடுத்த சுரத்துக்கு இழுத்துச் செல்லும் கணக்கு அவர் விரலில் இருந்தது. எந்தச் சில்லும் அதைச் செய்யவில்லை.

இங்கேதான் சிவப்புப் பெட்டியின் மீது நமக்குள்ள வழக்கு. ஆர்ப்பையும் கூடத்தையும் ஒரே வீச்சில் ஒழித்த பெட்டி, அவற்றுக்கு இடையே இருந்த நிலப்பரப்பையும் சேர்த்து ஒழிக்க வல்லது. மெல்ல மீட்டினாலும் ஓங்கி மீட்டினாலும் ஒரே அளவில் ஒலிக்கும் என்றால், விரலுக்கு மெல்லவும் ஓங்கவும் தேவையில்லாமல் போகிறது. தேவையில்லாதது நாளடைவில் தெரியாததாகவும் ஆகும். 1990களில் எண்முறை ஒலிப்பதிவு வந்தபின் கம்ப்ரஸர் ஒரு கருவிக்கு மட்டும் போடப்படும் மருந்தாக நிற்கவில்லை. முழுப் பாடலையும், அதன்பின் முழுத் தொகுப்பையும் அமுக்கி, அடுத்தவன் பாடலைவிட நம் பாடல் ஒரு படி உரக்கக் கேட்க வேண்டும் என்ற போட்டி உலகம் முழுதும் நடந்தது. தமிழ்த் திரையிசையும் அதிலிருந்து விலகி நிற்கவில்லை. பேருந்தில் கேட்கும்போது அந்தப் பாடல்கள் நன்றாகத்தான் இருக்கும். இரவில் தனியே உட்கார்ந்து கேட்டால் பத்து நிமிடத்தில் காது களைக்கிறது. யாரோ நம் முகத்துக்கு நேரே நின்று, ஒரே தொனியில், நிறுத்தாமல் பேசிக்கொண்டிருப்பதுபோல.

பழைய பெட்டிகளின் மீதுள்ள மோகத்தில் நமக்கு ஏதேனும் நியாயம் தெரிகிறதென்றால் அது இந்த இடத்தில்தான். டைனா காம்ப் தன் வேலையை மறைக்கத் தெரியாத கருவி. அது கவ்வுவது கேட்கும், விடுவது கேட்கும். கவ்வுவதற்கு முன் நழுவிப்போன விரலின் தாக்கும் கேட்கும். லோவெல் ஜார்ஜ் போன்றவர்கள் அந்தக் கவ்வலை அறிந்து, அதனோடு மல்லுக்கட்டி வாசித்தார்கள். இன்றைய கணினி மென்பொருள்களில் டைனா காம்ப்பின் உருவமும் நிறமும் குமிழும் அப்படியே திரையில் வருகின்றன. அவற்றுக்கு அருகிலேயே, ஒலி வருவதை முன்கூட்டியே பார்த்து, ஒரு கிள்ளலும் தெரியாமல் அமுக்கும் நுட்பங்களும் இருக்கின்றன. பேச்சாளர் மூச்சிழுப்பதைப் பார்த்துக் குமிழை இறக்கிய மைக் செட்காரரின் திறமை ஒருவழியாகக் கணக்கு நிரலாகிவிட்டது. அவருக்குப் பேச்சாளர் எப்போது உண்மையிலேயே கோபப்படுகிறார், எப்போது கைதட்டலுக்காகக் கோபப்படுகிறார் என்பதும் தெரிந்திருந்தது. முதலதற்குக் குமிழை அவ்வளவாக இறக்க மாட்டார்.